லேசு என்றா சொன்னார்கள்?

உன்னை லேசு என்று சொன்னது யார்?

நேர்காணல் அறையில் உன் விண்ணப்பத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு மேசையில் போட்டாரே, அவரா? "தமிழ் மீடியமா?" என்று கடைசி எழுத்தை இழுத்தாரே, அவரா? கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் காதுபட, "இதெல்லாம் அந்த வேலைக்கு எங்கே தாங்கப்போகுது" என்று சொன்ன சித்தப்பாவா? இல்லை, யாரும் சொல்லாமலே ராத்திரி படுக்கையில் நீயே உனக்குச் சொல்லிக்கொண்டாயா? யார் சொல்லியிருந்தாலும் சரி, எழுந்து உட்கார். உனக்கு ஒரு குண்டின் கதை சொல்லப்போகிறேன். துப்பாக்கிக் குண்டு. சுத்தச் செம்பு. சுண்டுவிரலின் நுனிக்கணுவைவிடக் கொஞ்சம் நீளம். எடை 12 கிராம், அதாவது ஒன்றரைப் பவுன். அதையும் ஒரு காலத்தில் லேசு என்றுதான் ஒதுக்கி வைத்தார்கள்.

அமெரிக்காவின் ஓரெகான் மாநிலத்தில் பெண்ட் என்றொரு ஊர். பனிமலை ஓரம், பைன் மரக்காடு, உதடு வெடிக்கிற வறண்ட காற்று. வேலை நிமித்தம் மூன்று வருடம் அங்கே இருந்தேன். பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், மரம் அறுக்கும் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். குளிர்கால இரவுகளில் அவருடைய கார் ஷெட்டில் பத்து மணிவரை விளக்கு எரியும். உள்ளே ஒரு கனத்த மரமேசை. அதில் போல்ட் போட்டு முறுக்கிய இரும்பு பிரஸ். பக்கத்தில், நம் ஆசாரி பட்டறையில் இருப்பதுபோல ஒரு சின்னத் தராசு. தன் துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டாக்களைக் கடையில் வாங்காமல் தானே கையால் நிரப்பிக்கொள்வார். அங்கே அது சட்டம் அனுமதிக்கிற கைவேலை. ஆயிரக்கணக்கான வீடுகளில் நடக்கிறது.

வேட்டை என்றதும் உன் முகம் சுளிக்கிறது, தெரிகிறது. எனக்கும் முதலில் சுளித்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குப் பூட்டுப் போட்டது. அது நல்ல சட்டம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. அந்த ஊர் நடைமுறை வேறு. உரிமம் வேண்டும், பருவம் உண்டு, ஒருவருக்கு இத்தனைதான் என்ற கணக்கு உண்டு. துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கிற தனி வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் திருப்பிவிட 1937-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பெரியவர் வருடத்துக்கு ஒரு எல்க் மான் அடிப்பார், வீட்டுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க அதுதான் கறி. உன்னை வேட்டைக்குக் கூப்பிடவில்லை நான். அந்த மேசைக்குக் கூப்பிடுகிறேன். வா.

அவருடைய துப்பாக்கி 338 வின்செஸ்டர் மேக்னம், 1958-இல் வந்த ரகம். குழலின் விட்டம் ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர். சிறு மானுக்கான மெல்லிய குழலுக்கும் யானைக்கான பெருங்குழலுக்கும் நடுவில் நிற்பதால் நடுத்தரக் குழல் என்பார்கள். 1905-இல் பெர்லின் துப்பாக்கிக் கம்மியர் ஓட்டோ பொக் செய்த 9.3 மில்லிமீட்டர் ரகம், லண்டனில் 1912-இல் பிறந்த 375 ரகம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். 338-க்கு மரபாகச் சொல்லப்படும் குண்டு 250 கிரெயின். பதினாறு கிராம், நம் கணக்கில் இரண்டு பவுன். கனமான குண்டு, ஆழமான அடி! தலைமுறை தலைமுறையாக வேட்டைக்காரர்களின் வேதம் இது. ஐடஹோ மாநிலத்தில் வாழ்ந்த எல்மர் கீத் என்ற எழுத்தாளர் பெருங்குண்டுக்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். லேசான குண்டா? பட்ட இடத்திலேயே சிதறும், தோலுக்கடியிலேயே நின்றுவிடும், மிருகம் காயத்தோடு ஓடி எங்கேயோ புதருக்குள் துடித்துச் சாகும் என்றார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். நோயைச் சரியாகப் பார்த்தவர்கள், காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார்கள். உனக்கு நடந்ததும் அதுதான்!

1946-க்குப் போவோம். ஜான் நாஸ்லர் என்ற ஓரெகான்காரர், லாரித் தொழில் நடத்திப் பிழைத்தவர், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா காட்டுக்குப் போகிறார். கையில் அன்றைக்குப் பேர்பெற்ற வேகத் துப்பாக்கி. எதிரே ஒரு பெரிய மூஸ் மான். சேற்றில் புரண்டு, அந்தச் சேறு காய்ந்து, உடம்பெல்லாம் ஓடு கட்டி நிற்கிறது. சுடுகிறார். குண்டு படுகிறது, மான் விழவில்லை. மறுபடி சுடுகிறார். மறுபடியும். அத்தனை வேகத்தில் போன குண்டுகள் அந்தச் சேற்றோட்டிலும் தோளிலும் பட்டு மேலேயே உடைந்து போயின, உள்ளே போகவில்லை.

அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "நமக்கு ராசியில்லை" என்றிருப்பாயா? நாஸ்லர் வீட்டுக்கு வந்தார். லேத் முன்னால் நின்றார். ஒரு செப்புக் கம்பியை எடுத்து இரண்டு பக்கமிருந்தும் துளைத்தார், நடுவில் மட்டும் ஒரு சுவரை விட்டுவைத்தார். முன்பள்ளத்தில் ஈயம், பின்பள்ளத்தில் ஈயம், நடுவில் செப்புச் சுவர். 1947-இல் அவரும் அவருடைய நண்பர் கிளாரன்ஸ் பர்டியும் அந்தக் குண்டோடு மறுபடி மூஸ் வேட்டைக்குப் போனார்கள். ஆளுக்கு ஒரே வெடி, ஆளுக்கு ஒரு மூஸ். 1948-இல் கம்பெனி தொடங்கினார். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. 2010-இல், தொண்ணூற்றேழு வயதில் அவர் காலமானார்.

அப்படியொரு குண்டை நெடுக்காக அறுத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, பெரியவர் ஜன்னல் திட்டில் வைத்திருந்தார். கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே செம்பின் சிவப்பு, உள்ளே ஈயத்தின் சாம்பல் நிறம். நடுவில் குறுக்காக அந்தச் சுவர், மிஞ்சிப்போனால் ஒரு நெல்லின் தடிமன். பட்டதும் முன்பாதி விரியும், தேயும், கொஞ்சம் உதிர்ந்தும் போகும். அது போகட்டும் என்றே செய்தது. சுவருக்குப் பின்னால் இருக்கிற பாதியை எந்த எலும்பாலும் தொட முடியாது. அது முழு எடையோடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

தம்பி, தங்கச்சி, உனக்குள் அந்தச் சுவர் எங்கே இருக்கிறது? பந்தியில் சித்தப்பா சொன்ன ஒரு சொல் உன் முகத்தைத் தாண்டி, தூக்கத்தைத் தாண்டி, மறுநாள் நீ புத்தகத்தைத் திறக்கிற கையைப் போய்ப் பிடிக்கிறதா? அப்படியென்றால் சுவர் இல்லை என்று அர்த்தம். முகம் வாடட்டும், ராத்திரி அழக்கூட அழு, அது முன்பாதி. விடிந்ததும் ஐந்து மணிக்கு எழுந்து போடுகிற கணக்கு இருக்கிறதே, அதற்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பு. நெல் தடிமன் போதும். யாரையும் அங்கே விடாதே. என்னையும் விடாதே!

யூட்டா மாநிலத்தில் ராண்டி புரூக்ஸ் என்று ஒருவர். பார்ன்ஸ் என்கிற பழைய குண்டு கம்பெனியை 1974-இல் அவரும் மனைவி கோனியும் விலைக்கு வாங்கினார்கள். அலாஸ்காவில் கரடி வேட்டையில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒரு கேள்வி வந்தது. உடைவது ஈயம் என்றால், ஈயம் எதற்கு? எடுத்துவிட்டால் என்ன? முழுக்க முழுக்கச் செம்பு. நுனியில் மட்டும் ஒரு குழி. பட்டதும் அந்தக் குழி நாலு இதழாக மலர வேண்டும், ஒன்றுகூட உதிரக் கூடாது. 1989-இல் எக்ஸ் குண்டு என்று சந்தைக்கு வந்தது. உடனே மாலை விழுந்ததா? இல்லை. சில துப்பாக்கிகளில் குறி சிதறியது. குழலுக்குள் செம்பு அப்பிக்கொண்டது. செம்பு ஈயம்போல் இளகாது, குழலோடு உரசும், அழுத்தம் ஏறும். குறை சொன்னவர்களுக்குப் பஞ்சமில்லை. பல வருடம் பொறுத்து 2003-இல் அதே குண்டு மறுபடி வந்தது, இடுப்பில் வளையம் வளையமாகப் பள்ளம் வெட்டிக்கொண்டு. உரசுகிற இடம் குறைந்தது, அழுத்தம் தணிந்தது, குறி கூடியது. குறை சொன்னவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது, கவனி. தன்னம்பிக்கை என்றால் "நான் இப்படித்தான்" என்று விறைத்துக்கொண்டு நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குண்டு விறைத்து நிற்கவில்லை. எங்கே உரசுகிறதோ அங்கே தன்னைத் தானே செதுக்கிக்கொண்டது. செம்பு செம்பாகவே இருந்தது.

இப்போது லேசுக்கு வருவோம். ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பின் அடர்த்தி 8.96. ஒரே எடையில் இரண்டையும் செய்தால் செப்புக்குண்டு நீண்டுவிடும். நீண்டால் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் வெடிமருந்து இருக்கிற இடத்தை அது பிடித்துக்கொள்ளும். நீண்ட குண்டு தள்ளாடாமல் பறக்க, குழலுக்குள் ஓடும் திருகுப்பள்ளத்தின் முறுக்கும் இன்னும் இறுக்கமாக வேண்டும். அதனால்தான் செம்புக்கு மாறுகிறவர்கள் எடையில் ஒருபடி இறங்குகிறார்கள். 250-க்குப் பதில் 210, இல்லை 185. பெரியவர் எடுத்துக்கொண்டது 185. ஒன்றரைப் பவுன்!

எடை குறைந்ததும் என்ன நடக்கிறது? வேகம் ஏறுகிறது. எடையை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும், வேகத்தை இரட்டித்தால் நாலு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான். செப்பு இதழ் விரிவதற்கு வேகம் வேண்டும், மெதுவாகப் போனால் மலராது, ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். லேசாக இருப்பதால் வேகம், வேகத்தால் மலர்ச்சி, மலர்ந்தும் உடையாததால் ஆழம். நேற்றுவரை எதைக் குறை என்றார்களோ, அதுவே இன்றைக்கு அந்தக் குண்டின் பலம். எடைமேல் போட்ட பழி அத்தனையும் வீண்பழி. கோளாறு குண்டைக் கட்டிய விதத்தில் இருந்தது, கட்டுக்கோப்பில் இருந்தது!

இதற்கு எல்லையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். லேசான குண்டு தூரம் போகப்போக வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், பக்கக்காற்று அதை அதிகம் தள்ளும். பெரியவர் முந்நூறு கஜத்துக்கு மேல் சுட மாட்டார். "அதுக்கு அப்பால் இருக்கிறது என்னோட மான் இல்லை" என்பார். தன் எல்லையை இத்தனை தெளிவாகச் சொல்லத் தெரிந்த மனிதரிடம் நான் தாழ்வு மனப்பான்மையைப் பார்த்ததில்லை.

அவர் ஏன் லேசுக்கு மாறினார் தெரியுமா? தோள் அறுவை சிகிச்சை. 250 கிரெயின் குண்டு கிளம்பும்போது துப்பாக்கிக் கட்டை தோளில் மோதுகிற மோதல் அவருக்குத் தாங்கவில்லை. தாங்காததுகூடப் பெரிதில்லை. உடம்பு பயத்தைப் படித்துக்கொண்டது. விசையை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் சுருங்கும், குழல் நுனி இறங்கும். இதற்கு மருந்து வீரவசனம் இல்லை. அவர் எடையைக் குறைத்தார், உதை குறைந்தது. காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு தினம் விசையை அழுத்திப் பழகினார். எது வந்து மோதும் என்று உடம்பு எதிர்பார்த்ததோ அது வரவில்லை, வரவில்லை, வரவில்லை என்று உடம்புக்கே காட்டினார். ஒரு குளிர்காலம் ஆனது. பிறகு கண் திறந்தே இருந்தது.

மேடையில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா உனக்கு? ஒருநாள் யாரோ சிரித்தார்கள், அன்றைக்கு உடம்பு படித்துக்கொண்டது. ஆயிரம் பேர் கூட்டத்தில் போய் அதை மறக்கடிக்க நினைக்காதே. உதையைக் குறை! தங்கையை உட்காரவைத்துப் பேசு. நாலு நண்பர்கள் முன்னால் பேசு. சிரிப்பு வரவில்லை, வரவில்லை என்று உடம்புக்குக் காட்டு. தோள் முடியவில்லை என்று ஊரறிய ஒத்துக்கொள்ள அந்த எழுபது வயதுக்காரருக்கு வெட்கமில்லை, இருபது வயதில் உனக்கு என்ன வெட்கம்?

ஈயம் உடைவதைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். சிதறிய குண்டின் தீங்கு பட்ட மிருகத்தோடு நிற்பதில்லை. வேட்டைக்காரர் காட்டில் விட்டுப்போகிற குடலிலும் கழிவிலும் ஈயத் துணுக்குகள் கிடக்கும். அதைத் தின்கிற கலிபோர்னியா காண்டர் கழுகுகள் விஷமேறிச் செத்தன. 1982-இல் உலகத்திலேயே மொத்தம் 22 காண்டர்கள்தான் மிச்சம். அந்தப் பறவையைக் காப்பாற்றப் போராடியதன் ஒரு பகுதியாக, கலிபோர்னியா 2019-லிருந்து வேட்டைக்கு ஈயத்தை அடியோடு தடைசெய்துவிட்டது. காலையில் அலுவலகத்தில் அவமானப்பட்டு, சாயந்திரம் வீட்டுக்கு வந்து அம்மாமேல் எரிந்து விழுகிறாயே, தம்பியை அடிக்கிறாயே, அதுவும் இதே சிதறல்தான். நீ உடைந்தால் துணுக்குகள் உன் வீட்டுச் சோற்றில் விழுகின்றன. உனக்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காக உடையாமல் இரு.

"எல்லாம் சரி அண்ணா, என்னிடம் எதுவும் இல்லையே" என்கிறாயா? எனக்குக் கோபம் வருகிற இடம் இது. 1943. உலகப்போர். குண்டெல்லாம் போர்முனைக்குப் போகிறது, கடையில் ஒன்றுமில்லை. கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற சின்ன ஊரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் என்பவர், அப்பாவின் சலவைக் கடைக்குப் பின்புற அறையில் உட்கார்ந்து யோசிக்கிறார். சுட்டுப்போட்ட சின்ன 22 ரகத் தோட்டாக்களின் காலிக் கூடுகள், யாரும் சீண்டாத குப்பை. அதையெல்லாம் பொறுக்கி, அச்சில் போட்டு அழுத்தி, குண்டுக்கு மேலுறையாக்கினார். அணில் குடும்பத்து ராக் சக்கை அடிக்கத்தான் அந்தக் குண்டு. ராக் சக் புல்லட் ஸ்வேஜ் என்று அந்த அச்சுக்குப் பெயர் வைத்தார். அதன் முதலெழுத்துகள்தான் இன்றைக்கு உலகம் முழுக்கத் தோட்டா நிரப்புகிறவர்கள் மேசையில் இருக்கும் ஆர்சிபிஎஸ் என்ற பெயர். பெரியவருடைய பிரஸ்ஸும் அதுதான், பச்சைப் பெயிண்ட் உதிர்ந்துபோய். சலவைக் கடைப் பின்னறை! உன் வீட்டில் ஒரு திண்ணைகூடவா இல்லை?

சரி, மேசைக்கு வா. வேலை எப்படி நடக்கிறது என்று பார்.

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, எண்ணெய் தடவி, பிரஸ்ஸில் உள்ள அச்சுக்குள் இறக்குவார். உப்பிப்போன கூடு பழைய அளவுக்கு வரும், மருந்தைப் பற்றவைக்கிற பழைய பிரைமர் தெறித்து விழும். வெர்னியரில் நீளம் பார்ப்பார், கூடியிருந்தால் சீவுவார். புது பிரைமரை உட்காரவைத்து அடிப்பாகத்தை விரல் நுனியால் தடவுவார், மயிரிழை உள்ளடங்கியிருக்க வேண்டும். பிறகு மருந்து. தராசில் நிறுப்பது கிரெயின் கணக்கு. நம் ஆசாரி குன்றிமணி போட்டு நிறுத்தாரே, அந்தக் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின். இவருடைய தராசு ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பாகத்தைக் காட்டும். கடைசித் துகள்களை ஒரு சின்னக் குழாயை விரலால் உருட்டி உருட்டி விழவைப்பார். முள் கோட்டுக்கு வரும்வரை மூச்சுவிட மாட்டார், நானும் விட மாட்டேன்.

ஏன் இத்தனை கவனம்? வெடிக்கிற நொடியில் அந்தக் கூட்டுக்குள் உருவாகும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு வரை போகலாம், அதுதான் அந்த ரகத்துக்கு விதித்த உச்சம். உன் கார் டயரில் இருப்பது 32. இரண்டாயிரம் மடங்கு. அது நடப்பது கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். அதனால் யாரும் உச்சத்தில் தொடங்குவதில்லை. குண்டு செய்தவர் கையேடு போடுவார், அதில் தொடக்க அளவு இருக்கும். அங்கே தொடங்கி, சுட்டுப் பார்த்து, கூட்டைத் திருப்பிப் பார்த்து, பூட்டு இறுகுகிறதா, பிரைமர் தட்டையாகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவார்கள். அடுத்தவர் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. ஈயக்குண்டுக்குச் சொன்ன அளவு அதே எடையுள்ள செப்புக்குண்டுக்குப் பொருந்தாது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு துப்பாக்கிக்குக்கூட ஒரே அளவு ஒத்துவராது. பக்கத்து வீட்டுப் பையன் நாலு மணிநேரம் தூங்கிப் படித்து ஐஏஎஸ் ஆனான் என்றால் அது அவன் குழலுக்கு. உன்னுடையது உன் கையேட்டில், நீ எழுதியது.

ஒருநாள் நான் கேட்டேன், நானும் செய்யலாமா என்று. ஐம்பது கூடுகளை ஒரு மரத்தட்டில் நிறுத்தி என்னிடம் கொடுத்தார். நிறுத்தேன், ஊற்றினேன். நிறுத்தேன், ஊற்றினேன். முப்பதைத் தாண்டியதும் கை தேறிவிட்டது, வாய் திறந்துவிட்டது. ஊர்க்கதை ஏதோ சொல்லிக்கொண்டே வேலை செய்தேன். நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா என்ற இடத்தில் ஒரு கூட்டுக்குச் சரியாக நிறுத்து ஊற்றினேனா இல்லையா என்று சட்டென்று ஒரு சந்தேகம். டார்ச் அடித்துப் பார்த்தோம். எல்லாக் கூட்டிலும் மருந்து ஒரே மட்டமாகத்தான் தெரிந்தது. "சரியாத்தான் இருக்கு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நிச்சயமாவா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"கொட்டு" என்றார்.

ஒன்றரை மணிநேர வேலை. ஊற்றிய அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திரும்ப டப்பாவில் கொட்டினேன். காது சூடாகிவிட்டது எனக்கு. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. காபி ஊற்றிக் கொடுத்தார். முதல் கூட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன். இம்முறை பேசவில்லை. ஐம்பதாவது கூட்டில் குண்டை உட்காரவைத்து, பிரஸ் கைப்பிடி மேலே வந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். "நிச்சயமாவா?"

"நிச்சயம்" என்றேன். என் குரலை நானே முதன்முதலாகக் கேட்டதுபோல இருந்தது. அதுவரை என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். தேர்வறையில், நேர்காணலில், கல்யாணப் பேச்சில். அத்தனையும் நம்பிக்கையில் சொன்னது இல்லை, தைரியம் காட்டச் சொன்னது. ஒவ்வொன்றையும் என் கையால் நிறுத்து, என் கண்ணால் பார்த்து, சந்தேகம் வந்ததைக் கொட்டிவிட்டுச் சொன்ன "நிச்சயம்" அன்றைக்குத்தான்.

நீயும் கொட்டு! அரைகுறையாய்த் தெரிந்த பாடத்தைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு மூன்றாவது வருடம் வரை வந்துவிட்டாயா? கொட்டு. முதல் பக்கத்துக்குப் போ. அவமானம் இல்லை அது. அடியில் சந்தேகத்தை வைத்துக்கொண்டு மேலே மேலே அடுக்குகிறாயே, அதுதான் உன் குரலை நடுங்கவைக்கிறது. மோட்டிவேஷன் வீடியோ நூறு பார்த்தாலும் அந்த நடுக்கம் போகாது. கொட்டி, நிறுத்து, மறுபடி ஊற்றினால் போகும்.

அந்த நவம்பரில் பெரியவர் மாநிலத்தின் கிழக்கே புளூ மவுண்டன்ஸ் மலைக்குப் போனார். ஐந்து நாள் கழித்து வந்து என் கதவைத் தட்டினார். கையில் ஒரு பொட்டலம் கறி. சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்துத் தந்தார். ஷெட்டுக்குப் போய் விளக்கடியில் பிரித்துப் பார்த்தோம். செப்புப் பூ. நாலு இதழ், பின்னோக்கி வளைந்து, ஓரமெல்லாம் கூர்மையாக. நூற்றெண்பது கஜத்தில் சுட்டாராம். இந்தப் பக்கத் தோள் எலும்பை உடைத்து, மார்பைக் கடந்து, அந்தப் பக்கத் தோளையும் தாண்டி, எதிர்த்தோலுக்கு அடியில் நின்றிருக்கிறது. முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட விலங்கு, நின்ற இடத்திலேயே சாய்ந்தது, துடிக்கவில்லை என்றார். சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நிறுத்துப் பார்" என்றார்.

தராசுத் தட்டைத் துணியால் துடைத்து, அந்தப் பூவை வைத்தேன். நான் நிரப்பிய ஐம்பதில் ஒன்று. போகும்போது 185. பெரிய எடைக்கல்லை நகர்த்தினேன், பிறகு சின்னதை, ஒரு பல், இன்னொரு பல். முள் மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றோம்.

184-இல் நின்றது.